செத்துப்போன சர்வருக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர்

புது சர்வர் வைத்துக் கொஞ்ச நாள் ஆன ஆபீஸ்களிலிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "சார், புது சர்வர் வந்ததுல இருந்து எல்லா சிஸ்டமும் ஹேங் ஆகுது." ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். எக்ஸலில் சேவ் ஆஸ் கொடுத்தால் திரை வெளுத்து, "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்தால் மெனு வருவதற்குள் டீ குடித்துவிடலாம். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும்.

ஈரோட்டைச் சுற்றி ஆடிட்டர் ஆபீஸ், நூல் வியாபாரம், அரிசி ஆலை என்று சின்ன இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்தப் புகாருக்காக ராம் வாங்கிப் போட்டவர்களையும் எஸ்எஸ்டி மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு வீண். ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் காலையில் லாகின் ஸ்கிரிப்ட் (லாகின் செய்ததும் தானாக ஓடும் கமாண்டுகள்) ஓடியதும் அதே நோய் திரும்பி வந்துவிடும். புது சர்வர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அணைத்து ஓரமாக வைத்த பழைய சர்வரை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கூப்பாடு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஒரு மெஷினுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பழைய பெட்டிகளை மாற்றிய இடங்களில் இது நிறைய.

ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது

நீங்கள் கூப்பிடும் நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்றால் உடனே குரல் வந்துவிடும். நீங்களும் போனை வைத்துவிடுவீர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால்தான் காதில் வைத்தபடி நிற்பீர்கள். கம்ப்யூட்டருக்கும் இதேதான். சர்வர் உயிரோடு இருந்து ஷேர் (எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட ஃபோல்டர்) மட்டும் இல்லையென்றால், "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்ற பதில் நொடியில் வந்துவிடும். பதிலே இல்லாத இடம்தான் தொல்லை.

விண்டோஸில் ஃபைல் ஷேரிங் 445-ஆம் போர்ட்டில் (போர்ட் என்றால் நெட்வொர்க்கில் ஒரு வேலைக்கான வாசல் எண்) நடக்கிறது. அந்த போர்ட்டுக்கு அனுப்பிய முதல் அழைப்புக்குப் பதில் வராவிட்டால், விண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டி மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். கைவிடுவதற்கு 21 நொடி அளவில் ஆகிவிடும். அதற்கு முன்னால் பெயரைத் தேடும் வேலை இருக்கிறது: டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் சேவை) பழைய சர்வரின் பெயர் கிடைக்காவிட்டால், நெட்வொர்க் முழுக்க "இந்தப் பெயர்க்காரர் யார்?" என்று கத்திப் பார்க்கும். அதற்குச் சில நொடிகள். சில மெஷின்களில் வெப்கிளையன்ட் என்ற சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும். 445 கைவிட்ட பிறகு அது 80-ஆம் போர்ட் வழியாக இன்னொரு முறை முயலும். எல்லாம் சேர்ந்தால் நிமிடக் கணக்கு.

ஒரே அறையில் உள்ளவர்களுக்கு நின்று நின்று ஓடும், விபிஎன் (இணையம் வழியே ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு) வழியாக வரும் கிளை ஆபீஸுக்கு மட்டும் ஒரேயடியாக உறைந்து போகும். இதைப் பார்த்து "கிளையில் நெட் சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். காரணம் வேறு. ஒரே நெட்வொர்க்குக்குள் பழைய சர்வரின் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) யாரும் இல்லை என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். ரூட்டரைத் தாண்டிப் போனால் அதைச் சொல்லப் பெரும்பாலும் ஆள் இல்லை. முழுக் காத்திருப்பும் தலையில் விழும்.

இன்னொரு தந்திரமான நிலை: பழைய சர்வரின் ஐபியை ரூட்டர் யாரோ ஒருவரின் லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டிருக்கும். லேப்டாப்பின் ஃபயர்வால் தெரியாத அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் விழுங்கிவிடும். அந்த லேப்டாப் ஆபீஸில் இருக்கும் நாளில் எல்லோருக்கும் 21 நொடி ஹேங், அது வராத நாளில் லேசான தடுமாற்றம். "சில நாள் நல்லா இருக்கு, சில நாள் மோசம்" என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதுதான் நோய் என்று உறுதி செய்வது

கை வைப்பதற்கு முன் இரண்டு சோதனைகள். ஹேங் ஆகி நிற்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, ஆனால் திரை மட்டும் நகரவில்லை என்றால், அது எதற்கோ காத்திருக்கிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அது வேறு நோய். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

அடுத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணையுங்கள். இப்போது எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். சட்டென்று திறந்தால் பாதி வேலை முடிந்தது. நெட்வொர்க்கே இல்லை என்று தெரிந்தால் விண்டோஸ் யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்காது.

யாரைக் கூப்பிடுகிறது என்று நேரில் பார்க்க, கேபிளைத் திரும்பச் செருகி, ஒரு கமாண்ட் விண்டோவைத் தயாராகத் திறந்து வையுங்கள். ஹேங் ஆனதும் அதில் நெட்ஸ்டாட், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஏஎன்ஓ என்று தட்டுங்கள். நிலை என்ற பத்தியில் "சின் சென்ட்" என்று ஒரு வரி நிற்கிறதா என்று தேடுங்கள். அழைப்பு போயிருக்கிறது, பதில் வரவில்லை என்பது அதன் பொருள். அந்த வரியில் 445 என்ற போர்ட்டும் அதற்கு முன்னால் ஒரு முகவரியும் இருக்கும். அது பழைய சர்வரின் முகவரிதான் என்றால் வழக்கு முடிந்தது. வரியின் கடைசியில் பிராசஸ் எண் 4 என்று இருக்கும். அது விண்டோஸின் சொந்த சிஸ்டம் பிராசஸ். அதனால் எந்த புரோகிராம் கேட்டது என்று இங்கே தெரியாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டர் என்ற கருவியை ஓடவிட்டு, பாதையில் பழைய சர்வரின் பெயர் வரும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். எக்ஸலா, எக்ஸ்ப்ளோரரா, ஆன்டிவைரஸா என்று பெயரோடு வந்துவிடும்.

மேப் செய்த டிரைவ்கள்

சர்வரில் உள்ள ஷேரை ஓர் எழுத்து கொடுத்து டிரைவாக மாட்டுவதுதான் மேப் செய்வது. அதிகக் குற்றவாளிகள் இங்கேதான். கமாண்ட் விண்டோவில் நெட் யூஸ் என்று தட்டினால், எந்த எழுத்து எந்தச் சர்வரின் எந்த ஷேரில் மாட்டியிருக்கிறது என்று பட்டியல் வரும். இதை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்த விண்டோவில் செய்யாதீர்கள். டிரைவ் மேப்பிங் ஒவ்வொரு லாகினுக்கும் தனி. அட்மின் விண்டோவில் பார்த்தால் பட்டியல் காலியாகவோ வேறு மாதிரியோ இருக்கலாம், "இங்கே ஒன்றும் இல்லை" என்று ஏமாந்து எழுந்துவிடுவீர்கள். யார் உட்காருகிறாரோ அவருடைய லாகினில், சாதாரண விண்டோவில் பாருங்கள்.

சிவப்பு எக்ஸ் போட்ட டிரைவ் எல்லாம் செத்தது அல்ல. பயன்படுத்தாத இணைப்பை விண்டோஸ் சர்வர் 15 நிமிடத்தில் தானாக விடுவித்துவிடும். பட்டியலில் "டிஸ்கனெக்டட்" என்று காட்டும், கிளிக் செய்தால் மறுபடி உயிர்பெறும். எழுத்தைப் பார்த்து நீக்காதீர்கள், வலது பக்கம் உள்ள சர்வர் பெயரைப் பார்த்து நீக்குங்கள்.

நீக்குவதற்கு எக்ஸ்ப்ளோரரில் வலது கிளிக் செய்தால் அதுவே ஹேங் ஆகும். கமாண்டில் செய்வது நல்லது: நெட் யூஸ், டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, டெலீட். ஒரே அடியாக எல்லாவற்றையும் நீக்க நட்சத்திரக் குறி போடும் வழி ஒன்று உண்டு. நடுவில் யாராவது புது சர்வரில் ஃபைல் திறந்து வேலை செய்துகொண்டிருந்தால் அதுவும் அறுந்து போகும். அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

ரீஸ்டார்ட் செய்தும் டிரைவ் திரும்ப வருகிறதா? ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி), கரன்ட் யூசர் கிளைக்குக் கீழே நெட்வொர்க் என்ற ஃபோல்டரில், டிரைவ் எழுத்தின் பெயரிலேயே ஒரு சாவி இருக்கும். அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அழியுங்கள். அதன் பிறகும் வந்தால் யாரோ தினமும் காலையில் அதை மாட்டுகிறார்கள் என்று அர்த்தம். ரன் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று தட்டித் திறக்கும் ஃபோல்டரில் என்றோ யாரோ எழுதி வைத்த ஒரு பேட்ச் ஃபைல் இருக்கலாம். டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கலாம். டொமைன் உள்ள ஆபீஸ் (எல்லா லாகினையும் ஒரு சர்வர் பார்த்துக்கொள்ளும் இடம்) என்றால் குரூப் பாலிசியில் (அந்த சர்வரிலிருந்து எல்லா மெஷினுக்கும் போகும் அமைப்பு) இருக்கும். அங்கே பழைய டிரைவ் மேப்பை வெறுமனே எடுத்துவிட்டால் ஏற்கனவே மாட்டியது எல்லா மெஷினிலும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். அதன் ஆக்ஷனை "டெலீட்" என்று மாற்றிக் கொஞ்ச காலம் ஓடவிட்டு, பிறகு எடுங்கள்.

"எல்லா நெட்வொர்க் டிரைவையும் இணைக்க முடியவில்லை" என்ற அறிவிப்பு வராமல் மறைக்க ஒரு ரெஜிஸ்ட்ரி வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அறிவிப்பைத்தான் மறைக்கும். டிரைவ் அங்கேயே இருக்கும், தொட்டால் ஹேங்கும் இருக்கும்.

எக்ஸ்ப்ளோரரின் ஞாபகம்

டிரைவ் எல்லாம் நீக்கிவிட்டோம், இன்னும் எக்ஸ்ப்ளோரர் திறக்கத் திணறுகிறது என்றால் குயிக் ஆக்ஸஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸ் 11-இல் அது ஹோம் பக்கத்துக்குள் இருக்கிறது. பின் செய்த ஃபோல்டர்கள், அண்மையில் திறந்த ஃபைல்கள் என்று அங்கே உள்ளவற்றில் பழைய சர்வரில் இருந்தவையும் கிடக்கும். எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போதெல்லாம் அவை உண்டா என்று சோதிக்கப் போகும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், பிரைவசி பகுதியில் உள்ள கிளியர் பொத்தான் அண்மை ஃபைல்களைத் துடைத்துவிடும். பின் செய்தவற்றை வலது கிளிக் செய்து அன்பின் கொடுக்க வேண்டும். அன்பின் கொடுக்கவே விடாமல் உறைந்தால், கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள், உடனே கேட்கும். இந்த வேலை முழுவதையுமே கேபிள் இல்லாமல் செய்வது எளிது.

டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்களும் அப்படித்தான். ஐகான் படமே பழைய சர்வரில் இருக்கும் ஷார்ட்கட் ஒன்று போதும், டெஸ்க்டாப் வரைந்து முடிய நேரம் பிடிக்கும். பழைய பாதையுள்ள ஷார்ட்கட் ஒன்றைக்கூட "இருக்கட்டும்" என்று விடாதீர்கள்.

பிரிண்டர்

வேர்ட் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: "உங்க டீஃபால்ட் பிரிண்டர் எது?" வேர்டும் எக்ஸலும் பக்கத்தின் அளவையும் ஓரத்தையும் அமைக்க டீஃபால்ட் பிரிண்டரைக் கேட்கும். சின்ன ஆபீஸ்களில் பிரிண்டர் பெரும்பாலும் பழைய சர்வரில் யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அங்கிருந்து எல்லோருக்கும் ஷேர் செய்யப்பட்டிருக்கும். சர்வர் போனதும் பிரிண்டரை வேறு இடத்தில் மாட்டிப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள். பழைய பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். சில மெஷினில் அதுவே டீஃபால்ட்டாகவும் இருக்கும்.

செட்டிங்ஸில் "டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற தேர்வை முதலில் எடுத்துவிடுங்கள். இருக்கும் நல்ல பிரிண்டரை டீஃபால்ட் ஆக்குங்கள். பழையதை ரிமூவ் கொடுங்கள். நகராமல் அடம்பிடித்தால் வரிசையில் பழைய பிரின்ட் வேலை சிக்கியிருக்கும்; பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு முயலுங்கள்.

ஃபைல்களுக்குள் ஒளிந்திருப்பவை

இதுவரை சொன்னவை மெஷினில் இருப்பவை. அடுத்தவை ஃபைலோடு பயணிப்பவை, அதனால் மெஷினை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது. ஆடிட்டர் ஆபீஸில் ஒரு வொர்க்புக் இன்னொரு வொர்க்புக்கிலிருந்து எண்ணை எடுப்பது சாதாரணம். போன வருட பேலன்ஸ் ஷீட் பழைய சர்வரின் பாதையில் இருந்தால், இந்த வருட ஃபைலைத் திறக்கும்போது எக்ஸல் அங்கே போய் நிற்கும். டேட்டா தாவலில் எடிட் லிங்க்ஸ் என்று இருப்பதைத் திறந்து, சேஞ்ச் சோர்ஸ் கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள். புது எக்ஸலில் அதற்கு வொர்க்புக் லிங்க்ஸ் என்று பெயர். பிரேக் லிங்க் கொடுத்தால் ஃபார்முலா போய் வெறும் எண் மட்டும் நிற்கும். அக்கவுன்டன்ட் பக்கத்தில் இல்லாமல் அதை அழுத்தாதீர்கள்.

வேர்டில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. லெட்டர்ஹெட் டெம்ப்ளேட் சர்வரில் இருந்திருந்தால், அதிலிருந்து உருவான ஒவ்வொரு கடிதமும் அந்த டெம்ப்ளேட்டின் பாதையைத் தனக்குள் வைத்திருக்கும். ஒரு குறிப்பிட்ட காலத்துக் கடிதங்கள் மட்டும் திறக்க நேரமாகிறது, மற்றவை உடனே திறக்கின்றன என்றால் சந்தேகமே வேண்டாம். டெவலப்பர் தாவலில் டாக்குமென்ட் டெம்ப்ளேட் என்பதைத் திறந்து, பழைய பாதையை அழித்து நார்மல் டெம்ப்ளேட்டைக் கொடுத்து சேவ் செய்யுங்கள். நூற்றுக்கணக்கில் கடிதங்கள் இருந்தால் ஒவ்வொன்றாக உட்கார வேண்டாம். கீழே சொல்லும் பெயர் வழி அதற்கு நல்ல தீர்வு.

டேலி வைத்திருப்பவர்கள் அது இன்ஸ்டால் ஆன ஃபோல்டரில் உள்ள டேலி டாட் ஐஎன்ஐ ஃபைலைப் பாருங்கள். டேட்டா இருக்கும் பாதை அதில் இருக்கும். திறந்தவுடன் கம்பெனியைத் தானாக ஏற்றும்படி வைத்திருந்தால் முதல் திரையிலேயே நின்றுவிடும்.

பழைய சர்வரே டிஎன்எஸ்ஸாகவும் இருந்ததா என்று ஒரு தடவை பாருங்கள். ஐபி கான்ஃபிக், சாய்கோடு, ஆல் என்று தட்டினால் தெரியும். அதன் முகவரி இன்னும் முதல் டிஎன்எஸ்ஸாக இருந்தால் இணையதளங்களும் தாமதமாகத் திறக்கும். அதை ஒவ்வொரு மெஷினிலும் அல்ல, முகவரி கொடுக்கும் ரூட்டரிலேயே மாற்றுங்கள். கையால் போட்ட மெஷின்களை மட்டும் தனியாகத் திருத்துங்கள்.

பழைய பெயரை விடாமல் வைத்துக்கொள்வது

இவ்வளவு அலைச்சலையும் பெருமளவு தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. இன்னும் சர்வர் மாற்றாதவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். புது சர்வருக்குப் பழைய பெயரையே வையுங்கள், ஷேர்களுக்கும் பழைய பெயர்களையே வையுங்கள். மேப்பிங், லிங்க், டெம்ப்ளேட், ஷார்ட்கட் எல்லாம் பெயரைப் பிடித்துத்தான் போகின்றன. விண்டோஸ் சர்வர் என்றால் புதுப் பெயரோடு பழைய பெயரையும் இரண்டாவது பெயராகச் சேர்க்க முடியும். அதற்கு நெட்டாம் (netdom) என்ற கருவி உண்டு. ஐபியை வைத்து மேப் செய்திருந்த இடங்களில் இது பலிக்காது. அதனால்தான் ஐபியால் மேப் செய்ய வேண்டாம் என்று போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

பழைய சர்வரை ஒரே நாளில் அணைக்காதீர்கள். டேட்டா எல்லாம் மாற்றிச் சரிபார்த்த பிறகு, அதில் ஷேர்களை மட்டும் நிறுத்திவிட்டுப் பெட்டியை ஓடவிடுங்கள். உயிரோடு இருக்கும் சர்வர் "இல்லை" என்று உடனே சொல்லிவிடும். யாருக்கும் ஹேங் ஆகாது, எரர்தான் வரும். எரர் வந்தால் ஆள் உங்களுக்கு போன் செய்வார், எது மிச்சம் என்று தெரிந்துவிடும். ஷேரை நிறுத்தும் முன் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில், ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் செஷன்ஸைப் பார்த்தால் இன்னும் யார் யார் வருகிறார்கள் என்று பெயரோடு இருக்கும்.

எத்தனை நாள் ஓடவிடுவது என்பது அந்த ஆபீஸின் வேலைச் சுழற்சியைப் பொறுத்தது. மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் இடத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் தாண்ட வேண்டும், ஏனென்றால் சில ஷீட்கள் மாதத்தில் அந்த நாட்களில்தான் திறக்கும். மார்ச் மாதத்தில் சர்வரை அணைக்கச் சொன்னால் நான் செய்வதில்லை.

ஏற்கனவே அணைத்துவிட்டு இன்றைக்கே வேலை நடந்தாக வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு ஒரு முதலுதவி: ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று அந்த மெஷினே வைத்திருக்கும் ஃபைல்) பழைய சர்வர் பெயருக்கு 127.0.0.1 என்று எழுதினால், அழைப்பு வெளியே போகாமல் அதே மெஷினுக்கே வந்து உடனே "இல்லை" என்று திரும்பும். ஹேங் குறையும். ஆனால் எழுதிய தேதியை அந்த வரியிலேயே குறித்து வையுங்கள், மேலே சொன்னதையெல்லாம் முடித்ததும் அதை எடுத்துவிடுங்கள். பிறகு யாராவது புது சர்வருக்கு அந்தப் பழைய பெயரை வைத்தால் இந்த ஒரு வரி அவரை நாள் முழுக்க அலைய வைக்கும்.

கடைசியாக ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை நேராக சர்வர் ஃபோல்டரில் போடும்படி அமைத்திருப்பார்கள். அதன் முகவரிப் புத்தகத்தில் பழைய சர்வர்தான் இருக்கும். ஸ்கேன் கொடுத்தால் "கனெக்டிங்" என்று நின்று, பின்னால் நிற்பவர் காப்பி எடுக்கவும் விடாது. அதன் வெப் பக்கத்தைத் திறந்து பாதையையும் பாஸ்வேர்டையும் மாற்றி, ஒரு தாளை ஸ்கேன் செய்து புது ஃபோல்டரில் வந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.